முப்பத்தொரு நாய்கள்

செப்டம்பர் 4, புதன்

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சியை முடித்துக்கொண்டு மதியம் மலையேறி வந்து சேர்ந்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பின் கிளட்ச் முனகிக்கொண்டே வந்தது. பங்களாவில் வெந்நீர் வரவில்லை. சமையற்காரர் ஹீட்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மழைக்கு இப்படித்தான் சார்" என்றார். இந்த மலையில் எது கெட்டாலும் பழி மழை மேல்தான்.

பயிற்சியில் உருப்படியாக ஒன்று கிடைத்தது. எந்த நிறுவனமும் ஒரே நாளில் விழுவதில்லை, விழுவதற்குப் பல மாதம் முன்பே சின்னச் சின்ன அறிகுறிகளைக் காட்டும், நல்ல மேலாளர் அவற்றைக் குறித்துவைத்துப் பொருள் காண்பார் என்றார்கள். அதற்கு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் போடவேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதிக்கொண்டவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பிரியாணி எப்போது வரும் என்ற அறிகுறியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செம்பாறை எஸ்டேட்டுக்கு மேலாளராக வந்து எட்டு மாதம் ஆகிறது. இலை பறிக்க ஆள் இல்லை. இங்கே தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் 'காடு' என்பார்கள். இருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு எல்லாக் காட்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட, நல்ல காடுகளைச் சரியாகப் பார்ப்போம், மோசமான எட்டாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் கைவிடுவோம் என்று நான்தான் திட்டம் எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரியில் தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து அந்த இரண்டு காட்டிலும் கவாத்தும் இல்லை, களையெடுப்பும் இல்லை. டிசம்பரில் வெளிநாட்டு வாங்குபவர்களின் சான்றிதழ் ஆய்வு. அதில் தேறினால் எஸ்டேட் பிழைக்கும். இல்லையென்றால் பக்கத்து எஸ்டேட்டைப் போல இதையும் மூடுவார்கள். முந்நூறு குடும்பங்கள் இருக்கின்றன.

செப்டம்பர் 6, வெள்ளி

நமக்கான அட்டவணை தயார். பதினொரு அறிகுறிகள். காலையில் வருகை பதிந்து வேலை பிரிக்கும் ஆளெடுப்புக்கு வரும் நேரம், இலை எடை, விடுப்பு, சங்கத்தின் மனுக்கள் என்று எல்லாம் இருக்கிறது. சுவரில் மாட்டிவிட்டு ஃபீல்டு ஆபீசர் மரியதாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபத்தாறு வருடமாக இங்கே இருக்கும் மனிதர். மார்ச்சில் ஓய்வு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எட்டாம் நம்பருக்கு இதுல ஒரு வரிகூட இல்லையே சார்?"

"அதைத்தான் விட்டுட்டோமே."

"நாம விட்டாலும் அது அங்கதானே சார் இருக்கு?"

எந்தப் புதிய விஷயத்துக்கும் இவரிடம் ஒரு முட்டுக்கட்டை தயாராக இருக்கும். சிரித்து அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆய்வுக்காரர்களின் பட்டியலில் 'குடியிருப்பில் தெருநாய்கள் இருக்கக்கூடாது' என்று ஒரு வரி. ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாடிக்குப் போனேன். பாடி என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கீழ்ப்பாடி நாற்பது வீடு, எட்டாம் நம்பர் காட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து எண்ணினேன். முப்பத்தொரு நாய்கள். எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் காது அடைத்துவிட்டது. ஒன்று என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தது.

ஆளெடுப்புக் கொட்டகையில் அறிவிப்பு ஒட்டச் சொல்லிவிட்டேன். நாய் வளர்ப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் நிர்வாகமே அப்புறப்படுத்தும். அட்டவணையில் பன்னிரண்டாவது வரியாக நாய்களைச் சேர்த்தேன். இப்போதைக்குச் சிவப்பு.

செப்டம்பர் 13, வெள்ளி

ஃபேக்டரி வாசலில் திரிந்த நான்கு நாய்களைப் பொள்ளாச்சியிலிருந்து கூண்டு வண்டி வந்து பிடித்துப் போனது. கருத்தடை செய்து அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். வேலை முடிந்து வந்த பெண்கள் வழியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கீழ்ப்பாடிக்கு வண்டி தேவைப்படாது என்று நினைக்கிறேன். பார்த்தவர்களுக்கே புத்தி வந்திருக்கும்.

ஹீட்டர் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இருபத்தாறு. அறிவிப்பு வேலை செய்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

கீழ்ப்பாடிப் பெண்கள் ஆளெடுப்புக்குத் தாமதமாக வருகிறார்கள். ஆறரைக்கு வரவேண்டியவர்கள் ஏழுக்கு வருகிறார்கள், அதுவும் மொத்தமாக, ஊர்வலம் மாதிரி. கேட்டால், "வெளிச்சம் வந்தாத்தான் சார் கெளம்ப முடியுது. வழியில வெளக்கு இல்ல" என்கிறார்கள். இத்தனை வருடமும் அந்த வழியில் விளக்கு இல்லைதான். புதிதாக இப்போது என்ன? சங்கத்தின் ஒத்துழையாமை என்று எழுதி மஞ்சள் போட்டேன்.

விளக்குக்கு மனுவும் வந்திருக்கிறது. அடுத்த வருடம் கீழ்ப்பாடியையே காலி செய்து எல்லாரையும் மேல்பாடிக்கு ஏற்றப் போகிறோம். காலி செய்யப்போகும் இடத்துக்கு யாராவது விளக்குப் போடுவார்களா? மனுவைக் கோப்பில் வைத்துவிட்டேன்.

அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

பத்தொன்பது. நாய்களுக்கு எதிரே மஞ்சள்.

அக்டோபர் 10, வியாழன்

எட்டாம் நம்பர் ஓரமாகப் போகும் பாதையில் மரியதாஸோடு நடந்தேன். இரண்டு மழைக்குப் பிறகு அந்தக் காடு ஆளே மாறிவிட்டது. தேயிலை என்றால் இடுப்புயரம் என்று பழகிய கண்ணுக்கு அது தலைக்கு மேலே நிற்பதைப் பார்க்க விநோதமாக இருக்கிறது. இடையெல்லாம் உண்ணிச்செடி பின்னிக்கிடக்கிறது. உள்ளே கை நீட்டினால் கை தெரியாது.

மரியதாஸ் நின்று தரையைப் பார்த்தார்.

"நேத்து இங்க தடம் மாதிரி ஒண்ணு பார்த்தேன் சார். சிறுத்தையா இருக்கும்."

"போட்டோ எடுத்தீங்களா?"

"போன்ல சார்ஜ் இல்ல. மழையில அழிஞ்சிடுச்சு."

"இந்த மலையில சிறுத்தை இல்லாத வருஷம் எது மரியதாஸ்?"

"அது சரிதான் சார். எப்பவும் உண்டுதான். ஆனா அது பாட்டுக்கு வரும், போகும். தங்குறதுக்கு இடம் கொடுத்ததில்ல. பாடிக்குப் பின்னாடி ஒரு முப்பதடியாவது வெட்டிவிட்டா நல்லது. பத்து ஆளு, நாலு நாள் வேலை."

எனக்குப் புரிந்துவிட்டது. கைவிட்ட காட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஆளை இறக்கப் பார்க்கிறார். முதலில் முப்பதடி, அப்புறம் அறுபதடி. பிறகு திட்டம் எங்கே இருக்கும்? ஓய்வுபெறும் வயதில் மாற்றத்தை ஏற்க முடியாது, அது மனித சுபாவம் என்று பயிற்சியிலும் சொன்னார்கள். ஆய்வு முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். இன்னும் இரண்டு முறை கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

அலுவலகத்துக்கு மரகதம் என்ற பெண் வந்திருந்தாள். கீழ்ப்பாடியின் கடைசி வீடு. நன்றாக இலை எடுப்பவள், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கூடவே அவள் மகள், ஐந்து வயது இருக்கும். பெயர் யாழினியாம். சுவரில் இருந்த அட்டவணையின் பச்சைக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தது அந்தப் பிள்ளை.

"சார், எங்க கருப்பன மட்டும் மன்னிச்சு விட்டுருங்க சார். அது இல்லாம இவ சோறே திங்க மாட்டேங்குறா."

"கருப்பன் யாரு?"

"நாய் சார்."

"அறிவிப்புப் பார்த்தீங்கள்ல? எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா. உங்களுக்கு விட்டா நாளைக்கு நாப்பது வீடும் வந்து நிக்கும்."

"கடிக்காது சார். புள்ளைக்குக் காவலுக்குன்னுதான் வச்சிருந்தேன்."

"டிசம்பர் முடியட்டும். அப்புறம் வாங்க, பார்ப்போம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் அந்தப் பிள்ளை, "கருப்பன் வராதாம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது. சங்கடமாகத்தான் இருந்தது. என் மகளும் அந்த வயதில் பூனைக்குட்டிக்கு அழுதவள்தான். ஆனால் விதியைத் தளர்த்தினால் விதியே இல்லாமல் போய்விடும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பன்னிரண்டு. பச்சைக்கு மாற்றினேன்.

பொது மேலாளர் போனில் கேட்டார். "எப்படி தணிகை, ஒரு சண்டை சச்சரவு இல்லாம நாயை எல்லாம் கிளியர் பண்றே?" என்று ஆச்சரியப்பட்டார். தகவல் தெளிவாகப் போய்ச் சேர்ந்தால் ஜனங்கள் ஒத்துழைப்பார்கள் என்றேன். மற்ற எஸ்டேட்டுகளுக்கும் இதை எழுதி அனுப்பச் சொன்னார். அப்படியே சொன்னார்: "எழுதி அனுப்பு."

நாளை ஆளெடுப்பில் கீழ்ப்பாடிக்காரர்களுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். நாய்களை அவர்களாகவே அப்புறப்படுத்தியதற்கு இரண்டு வார்த்தை. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நன்றி என்று ஆரம்பித்தால் அதைப் பிடித்துக்கொண்டு விளக்கைக் கேட்பார்கள்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு மனைவி ஷர்மிளாவும் மகளும் வந்திருக்கிறார்கள். தீபாவளியன்று முழுவதும் மழை, ஒரு வெடியும் வெடிக்கவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது ஷர்மிளா சொன்னாள்.

"என்னங்க, மே மாசம் வந்தப்ப ராத்திரியெல்லாம் கீழேயிருந்து நாய் குரைச்சுக்கிட்டே இருந்துச்சு, எனக்குத் தூக்கமே இல்ல. இப்ப ஒரு சத்தத்தையும் காணோமே?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அட்டவணையைப் பற்றி முழுதாக விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆனா என்னமோ மாதிரி இருக்குங்க" என்றாள். நகரத்தில் இருப்பவர்களுக்கு அமைதியே பழக்கமில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ஐந்து.

நவம்பர் 12, செவ்வாய்

கீழ்ப்பாடியிலிருந்து ஆறு பேர் எட்டாம் நம்பரை ஒட்டிய ஏழாம் நம்பரில் இலை எடுக்க மாட்டோம் என்றார்கள். பாம்பு இருக்கிறதாம். மரியதாஸ் அவர்களை வேறு காட்டுக்கு மாற்றிவிட்டு எனக்குப் பிறகு சொன்னார். கோபம் வந்தது, அதையும் அவரிடம் காட்டிவிட்டேன். ஆய்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் ஒவ்வொருவராகக் காடு தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் என்ன ஆவது?

"பொம்பளைங்க எதையோ நெனச்சுப் பயப்படுறாங்க சார். என்னன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல" என்றார்.

சொல்லத் தெரியாததை நான் எந்தக் கட்டத்தில் போடுவது?

நவம்பர் 17, ஞாயிறு

பூஜ்ஜியம்.

கீழ்ப்பாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். ஒரு நாய் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. குழாயடியில் மரகதம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் மகள் மட்டும் என்னைப் பார்த்துக் கையாட்டியது. நானும் ஆட்டினேன். பன்னிரண்டு வரிகளில் எட்டு இப்போது பச்சை.

நவம்பர் 21, வியாழன்

இன்று எதையும் எழுத முடியாது.

நவம்பர் 23, சனி

எழுதவேண்டும்.

வியாழன் மாலை ஐந்தே முக்காலுக்கு மரகதம் குழாயடியில் இருந்தாள். யாழினி பக்கத்தில் சொம்பில் தண்ணீர் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கழுவிய குடத்தை வைத்துவிட்டு வர மரகதம் வீட்டுக்குள் போனாள். குழாய்க்கும் வாசலுக்கும் பதினெட்டு அடி. நான் நேற்று அளந்தேன், ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளை இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்கிறாள். யாருக்குமே கேட்கவில்லை.

ஐம்பது பேர் டார்ச்சோடு எட்டாம் நம்பருக்குள் இறங்கினோம். உண்ணிச்செடி சட்டையைப் பிடித்து இழுத்தது. இரண்டடி எடுத்துவைக்க அரிவாள் தேவைப்பட்டது. பத்து ஆள், நாலு நாள் வேலை. மரியதாஸ் என் முன்னால் வெட்டிக்கொண்டே போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்டெடுத்தது மரியதாஸ்தான். தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, "சார், நீங்க இங்க வராதீங்க" என்றார். நான் போகவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், நான் போகவில்லை.

நேற்று அடக்கம் செய்தார்கள். மரகதம் அழவில்லை. திருப்பூரிலிருந்து வந்த புருஷன் தரையில் விழுந்து புரண்டான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 25, திங்கள்

வனத்துறை ரேஞ்சர் கூண்டு வைக்க வந்தார். என்னைவிட இளையவர். அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். அட்டவணை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

"இது என்ன சார், நாய்கள்னு போட்டு பச்சை அடிச்சிருக்கீங்க?"

விளக்கினேன். முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது, பன்னிரண்டு, ஐந்து, பூஜ்ஜியம்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யார் பிடிச்சா?"

"அவங்களே அப்புறப்படுத்திட்டாங்க."

"முப்பத்தொரு நாயையுமா? எங்க கொண்டுபோய் விட்டாங்களாம்?"

இத்தனை வாரத்தில் ஒரு நாளும் இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே போயின? நாற்பது வளைவு இறங்கி ஒரு நாயைக் கொண்டுபோய் விட யாரிடம் என்ன வண்டி இருக்கிறது?

"தாய்ச் சிறுத்தை சார், ரெண்டு பெரிய குட்டியோட இருக்கு. தடம் பார்த்தோம். நீங்க விட்ட காட்டுலதான் குட்டி வளர்த்திருக்கு. முதல்ல நாயத்தான் எடுக்கும், அது சுலபம். நாய் கொறைய ஆரம்பிச்ச உடனே எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

நவம்பர் 25, மாலை

மரியதாஸைக் கேட்டேன்.

"கீழ்ப்பாடி நாயெல்லாம் கொறஞ்சுக்கிட்டே வந்தது உங்களுக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே சார் வண்டி வச்சுப் பிடிக்கிறீங்கன்னு நெனச்சோம்? ஃபேக்டரி நாய பிடிச்ச மாதிரி. நிர்வாகமே எடுக்கும்னு அறிவிப்பு வேற. எல்லாரும் வேலைக்குப் போன நேரமாப் பாத்து வண்டி வருதுன்னு பாடியே பேசிச்சு. கோவத்துல யாரும் உங்ககிட்ட வாயத் தொறக்கல. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமா சார்? நாய் ரெண்டு காணோம்னாலே சிறுத்தைன்னு இங்க பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

நான் அவர்கள் செய்ததாக நினைத்தேன். அவர்கள் நான் செய்ததாக நினைத்தார்கள். நடுவில் அது ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அன்றைக்கு ஆளெடுப்பில் நின்று நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "எதுக்கு சார் நன்றி, நாயை எடுத்தது நீங்கதானே" என்று யாராவது ஒருத்தி கேட்டிருப்பாள். அந்த நிமிடமே எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஒரு விளக்குக்குப் பயந்து அந்த வார்த்தையை விழுங்கினேன்.

மரகதம் மன்னித்து விடச் சொன்னாளே, அது நான் பிடித்துப்போனதாக நினைத்துக் கேட்டது. நான் அவளுக்குச் சட்டம் பேசினேன்.

நவம்பர் 28, வியாழன்

தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சமையற்காரர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை கையாட்டுகிறது.

அட்டவணையைக் கிழித்துப் போடலாம் என்று கழற்றினேன். கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சம்பவ அறிக்கைப் படிவம் வந்தது. ஏழாம் கேள்வி: முன்னறிகுறிகள் ஏதேனும் தென்பட்டனவா?

படிவத்துக்குப் பின்னாலேயே பொது மேலாளரின் போன்.

"தணிகை, ஏழாவதுக்கு இல்லைன்னு போட்டுடு. வனவிலங்கு விஷயம், யாரு என்ன பண்ண முடியும்? உனக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"இருந்துச்சு சார். நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எண்ணியிருக்கேன்."

"நாயைத்தானேப்பா எண்ணினே?"

"ஆமா சார். அதுதான்."

அவர், இந்த எஸ்டேட்டை மூடாமல் வைத்திருக்கத் தான் என்ன பாடுபடுகிறார் என்று சொன்னார். அது பொய்யில்லை. கெட்டவர் இல்லை அவர். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏழாம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் எண்ணிக்கையையும், மரியதாஸ் பார்த்த தடத்தையும், முப்பதடி வெட்டச் சொன்னதையும், விளக்கு மனுவையும், தாமதமாக வந்த பெண்களையும், பாம்பு என்றவர்களையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் விட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் எனக்குச் சௌகரியமான அர்த்தத்தைக் கொடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 6, வெள்ளி

என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்து உத்தரவு வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி கிளம்பவேண்டும். ஷர்மிளாவிடம் சொன்னேன். "வந்துடுங்க" என்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

தாய்ச் சிறுத்தை கூண்டில் விழுந்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. நான் போகவில்லை.

பாடிக்குப் பின்னால் ஐம்பதடி வெட்டியாயிற்று. விளக்கும் வந்துவிட்டது.

டிசம்பர் 11, புதன்

நாளை கிளம்பவேண்டும். போகும் முன் மரகதத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று இருந்தது. பார்த்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மரியதாஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாலை கீழ்ப்பாடிக்குப் போனேன். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். நான் நாய்களைத் தொடவே இல்லை என்ற உண்மையில்தான் ஆரம்பிப்பதாக இருந்தேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நாயெல்லாம் நீங்க எடுக்கலையாம், அதுதான் ஒவ்வொண்ணா தூக்கிச்சாம்."

என் பக்கம் ஓரடி எடுத்துவைத்தாள்.

"அப்படின்னா கருப்பன் காணாமப் போன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல சார்? நான் இந்த எஸ்டேட்லயே பொறந்தவ. நாயக் காணோம்னா புள்ளைய வெளிய விடாதடின்னு சொல்லித்தான் எங்கம்மா என்னைய வளத்தா. எனக்குத் தெரியாம இல்ல. வண்டியில போயிடுச்சுன்னு நெனச்சதாலதான சார் அவள அங்க தனியா விட்டுட்டு உள்ள போனேன்? இல்லன்னா விட்டிருப்பேனா? நானா விட்டிருப்பேன்?"

அவள் கண்கள் என் முகத்தை விட்டு அசையவில்லை. இருபது நாளாக இதே கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"நீங்கதான எடுத்தீங்க? சொல்லுங்க சார். நீங்கதான?"

கோத்து வைத்த வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

"ஆமாம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"கருப்பனையுமா?"

"கருப்பனையும்தான். நீங்க எல எடுக்கப் போயிருந்தப்ப வண்டி வந்துச்சு."

பக்கத்தில் மரியதாஸ் திடுக்கிட்டு, "சார்..." என்று ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மரகதம் ஒரு பெரிய மூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப அது இருந்திருந்தா கொரைச்சிருக்கும்ல சார்?"

"கொரைச்சிருக்கும்மா."

"நான் ஓடி வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பீங்க."

அதன் பிறகுதான் அவள் என்மேல் பாய்ந்தாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பாவி என்றாள், நீ நல்லா இருப்பியா என்றாள், உனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குல்ல என்றாள். நாற்பது வீட்டுக் கதவும் திறந்தது. யாரும் வந்து அவளைத் தடுக்கவில்லை. சங்கத்துக்காரர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கை ஓயும்வரை அங்கேயே நின்றேன்.

பிறகு அவள் மண்ணில் உட்கார்ந்து மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அவளைத் தாங்கிப் பிடிக்க ஓடிவந்த நாத்தனார், அன்றிலிருந்து இன்றைக்குத்தான் அழுகிறாள் என்று மரியதாஸிடம் சொன்னாள்.